பள்ளிப் பருவமும் பிள்ளைப் பேறும்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையிற் கூடும் மக்கள் வெள்ளம் வன்னி நாட்டின் பெருமைகளுள் ஒன்று. அங்கே கோயில் கொண்டிருப்பவள் கண்ணகை. அவளுக்கு மணம் நிகழ்ந்தபோது அகவை 12 என்றும், கோவலனுக்கு 16 என்றும் சிலப்பதிகாரம் கூறும். இப்பகுதியைப் படிப்பிக்கும்போது மாணவியர் ஒருவரையொருவர் நோக்குவதும், துணிந்தவள் ஒருத்தி எழுந்து, "பன்னிரண்டா, ஐயா?" என்று வினவுவதும் தமிழாசிரியர் பலரும் அறிந்தவையே. அஃது அக்கால வழக்கு என்று விடையிறுத்து அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின் அவ்வழக்கு அக்காலத்தோடு ஒழிந்ததன்று. இலங்கையின் 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வகுத்த ஆகக்குறைந்த வயதும் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 12 ஆகவே இருந்தது. ஐரோப்பியர், பறங்கியர் வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் 14 என்று ஒரு சலுகை! 1995 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இருபாலார்க்கும் 18 என்று விதித்தது. அதற்கு முன்னர் கோவலனும் கண்ணகியும் பெற்றாருடன் பதிவாளர் முன் சென்றிருப்பின், வயதைக் காரணங்காட்டி அவர் ஏட்டை மூடியிருக்கமாட்டார்.

ஏட்டிலுள்ள வயது உயர்ந்தது. வன்னியிலோ அதே காலத்திற் போர் உயர்ந்தது. மணமானோரை விடுதலைப் புலிகள் படையிற் சேர்ப்பதில்லை என்று கருதிய பெற்றார், பள்ளிச் சீருடை மாறாத பிள்ளைகளுக்கு இரவோடிரவாகத் தாலி கட்டுவித்தனர். 2006 தொடக்கம் 2009 மே மாதம் வரை நிகழ்ந்த இறுதிப் போரிற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இத்தகைய மணங்கள் பல. பின்னர்ச் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களிற் கூடாரத் துணியே சுவராக வாழ்ந்த காலத்திலும், வளர்ந்த பெண்ணை வைத்திருக்க அஞ்சிய தாய்மார் அக்காவலையே நாடினர். அவர்களைக் குறைகூற எமக்கு நா எழாது. பிள்ளையின் உயிர் ஒரு தட்டிலும் படிப்பு மறுதட்டிலும் இருக்கும்போது எந்தத் தாயும் வேறு எதனைச் செய்வாள்?

ஆனால் மெனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. அச்சம் நீங்கிய பின்னரும் அச்சத்திற்கென எடுத்த கேடயம் கையை விட்டு நீங்கவில்லை என்பதே நாம் இன்று கூற விழைவது. பதினைந்து வயதுச் சிறுமி ஒருவனோடு பழகுகின்றாள் என்று ஊர் பேசத் தொடங்கினால், வீட்டார் முதலில் எண்ணுவது கலியாணத்தையே. கருவுற்றாள் என்றாலோ வேறு பேச்சே இல்லை. அவசர மணங்களிற் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து எமது மேல்வகுப்புகளுக்கு வந்துவிட்ட காலம் இது. தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்வதை ஊர் இயல்பென்று கொள்கின்றது.

அந்த மணம் மணமும் அன்று. பெற்றார் சம்மதித்தாலும் 18 வயதுக்குக் கீழ்ப் பதிவு இயலாது என்பது 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்த விடயம். ஆகவே கோயிலில் ஒரு தாலி, வீட்டில் ஒரு விருந்து, எழுத்து இல்லை. நாளை அவன் விட்டுச் சென்றால் மனைவி என்று காட்ட அவள் கையிற் கடதாசி ஒன்றும் இராது. பெற்றார் மணமாகாதவராயின், தந்தை உடன்பட்டாலன்றிப் பிள்ளையின் பிறப்புப் பதிவில் அவன் பெயரும் ஏறாது. சிறுமி 16 வயது நிரம்பாதவளாயின், அவள் இசைந்தாள் என்பது சட்டத்தின்முன் இசைவே அன்று. அது பாலியல் வல்லுறவுக் குற்றம். இதனையறிந்த குடும்பத்தார் பொலிசுக்கு அஞ்சிக் கர்ப்பத்தை மறைக்கின்றனர். கிளினிக்குக்கு முதன் மூன்று மாதத்திற் செல்லவேண்டியவள் ஆறாம் ஏழாம் மாதத்திற் செல்கின்றாள். குருதிச்சோகை, குருதியமுக்கம், வலிப்பு, நிறை குறைந்த பிள்ளை ஆகிய இடர்கள் இவ்வயதுத் தாய்மார்க்கு மிகுதி என்பதை மருத்துவர் எப்போதும் எடுத்துரைக்கின்றனர். தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றிக் கருவைக் கலைப்பதை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அனுமதியாமையால், இரகசியக் கைகளை நாடி உயிரையே பணயம் வைப்பாரும் உளர்.

இனி, காத்தல் எவ்வாறு? எமது நாட்டிற் பெண்பிள்ளை பூப்பெய்தினால் மண்டபம் எடுத்து, பந்தலிட்டு, வீடியோக்காரரை அழைத்துச் சாமத்தியச் சடங்கு செய்கின்றோம். ஊர் முழுவதற்கும் அறிவிக்கின்றோம். அறிவிக்காமல் விடுவது அப்பிள்ளை ஒருத்திக்கு மாத்திரமே. தன் உடம்பில் நிகழ்ந்தது என்ன, இனிக் கரு எவ்வாறு உண்டாகும், எவன் தொட்டால் விலகவேண்டும், எவரிடம் ஓடிச் சொல்லவேண்டும் என்பவற்றை அவளுக்கு எடுத்துரைப்பார் இலர். பாடசாலையிலே சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடநூல் உண்டு. அதிலே இனப்பெருக்கம் பற்றிய பகுதி வந்தவுடன், 'வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்' என்று ஏட்டைப் புரட்டும் ஆசிரியர் பலர். இவற்றையெல்லாம் தமிழில் நாகரிகமாகப் பேசுதல் இயலாது என்பது அவர் கூறும் காரணம்.

தமிழ்மீது சுமத்தப்படும் இப்பழியைப் பண்டிதர் பொறுத்திருத்தல் ஆகாது. பூப்பு, சூதகம், கரு, சூல், மசக்கை, பேறு என்று இத்துறைக்கு எத்துணைச் சொற்கள்! மகளிர் கருவுற்ற காலத்து நோய்களை யாழ்ப்பாணத்து மருத்துவ நூலாகிய பரராசசேகரம் செய்யுளிலேயே பேசுகின்றது. மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், பிரசவ வைத்தியத்தை 1857 இலேயே தமிழ் நூலாக்கி வெளியிட்டார். அன்று ஓர் அந்நியர் தமிழில் அச்சேற்றியதை, இன்று தமிழ் மகன் தமிழ் மாணவர்முன் வாய்திறந்து கூற நாணுகின்றான். அந்நாணத்தின் விலையைக் கொடுப்பவள் பதினைந்து வயதுப் பெண். பேசினாற் பிள்ளைகள் கெடுவர் என்பாரும் உளர். பேசாத இடத்தைக் கைத்தொலைபேசி நிரப்பிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டும் காணாதிருக்கின்றனர்.

இப்பாடம் ஆண்பிள்ளைகளுக்கும் வேண்டும். அவர்களுக்கே முதலில் வேண்டும் என்பது எம் கருத்து. கர்ப்பம் பெண்ணின் குற்றம்போலவும், அவன் ஏதோ வழிப்போக்கன்போலவும் ஊர் பேசுகின்றது. பல வழக்குகளில் அவன் அவளினும் வயதில் மூத்தவன், சிலவற்றில் உறவினன். காதல் என்ற சொல்லால் மூடக்கூடாத கொடுமைகளும் இவற்றுள் உள. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த குடும்பநல உத்தியோகத்தர் இன்று துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வீடுவீடாகச் செல்கின்றார். எனினும் அவர் ஏட்டில் ஏறுவன தம்பதியர் குடும்பங்களே. மணமாகாச் சிறுமி கருவுற்ற பின்னரே அவர் கண்ணிற் படுகின்றாள். அவர் மாதம் ஒருமுறை பாடசாலைக்கு வந்து மாணவியரோடு தனித்துப் பேச அதிபர் இடமளித்தால் எத்தனையோ இடர் நீங்கும். ஏற்கெனவே சேர்ந்து வாழத் தொடங்கிவிட்ட இளையோர்க்கு அரச கிளினிக்குகள் கருத்தடை முறைகளை இலவசமாக வழங்குகின்றன. முதற் பிள்ளைக்கு ஒரு வயதாகுமுன் அடுத்த கரு தங்குவதை அவற்றாலேனும் தடுக்கலாம்.

கட்டாயக் கல்வியின் எல்லை 2016 இல் 16 வயதாக உயர்த்தப்பட்டது. தந்தையைப் போரில் இழந்த வீடுகளில் தாய் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ செல்ல, பேத்தியார் பொறுப்பில் நிற்கும் பெண்ணே முதலில் வரவு இடாப்பிலிருந்து மறைகின்றாள். தொடர்ந்து மூன்று நாள் வராதவளின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் ஒருமுறை சென்று வருதல் பெருஞ்செலவன்று. பிள்ளை பெற்றவளையும் நாம் விட்டுவிடலாகாது. அவள் மீண்டும் வந்தால் மற்றப் பெண்கள் கெடுவர் என்று பாடசாலைகளிற் கூறப்படுவதுண்டு. அவள் பிள்ளையைப் பேத்தியார் ஏந்தியிருக்க, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அவளுக்கு ஓர் இருக்கை வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிட வேண்டியவர் அதிபர்.