முதுகில் ஒரு தொட்டில்

சென்ற ஆண்டு விழாவன்று எங்கள் வகுப்புத் தோழியின் அக்கா தம் ஆறு மாதக் குழந்தையோடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து ஒரு பையில் வைத்துக் கட்டியிருந்தார். வார், கொக்கி, மெத்தென்ற தோள்பட்டை, விலை நாலாயிரமாம்! இரு கைகளையும் வீசி நடந்தார். "என்ன நாகரிகம்!" என்று நாங்கள் மொய்த்துக்கொண்டோம்.

அதே வாரம் பேருந்து நிலையத்தில் ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண் ஒருவர், குழந்தையைப் பழஞ்சேலையில் முதுகோடு கட்டிக்கொண்டு எங்கள் அருகில் வந்து அமர்ந்தார். நாங்கள் எழுந்து தள்ளி நின்றோம். அங்கே வியப்பு, இங்கே முகச்சுளிப்பா? வீடு திரும்பும்போது எங்களுள் ஒருத்தி இப்படிக் கேட்டாள். எவரும் வாய் திறக்கவில்லை.

அந்த நாகரிகப் பை பிறந்த கதையைத் தேடிப் படித்தோம். ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலி 1960-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்கே தாய்மாரின் முதுகில் துணியால் கட்டப்பட்ட குழந்தைகள் அமைதியாய் இருக்கக் கண்டார். ஊர் திரும்பித் தம் மகளை அவ்வாறே கட்டிப் பார்த்தார்; குழந்தை நழுவியது. எனவே தம் தாயாரைக்கொண்டு ஒரு பை தைத்தார். 1969-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'ஸ்னக்லி' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஆக, துணி கட்டிய தாய்மாரே ஆசிரியர், கடைக்காரர் மாணவர்!

"தூக்கியே வைத்திருந்தால் கைப்பழக்கம் வந்துவிடும்" என்பார்கள் எங்கள் பாட்டிமார். (பேரனை இடுப்பை விட்டு இறக்காதவர்களும் அவர்களே!) ஆனால், கனடாவில் செய்யப்பட்டு 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் கருவிகள் போதாமல் இருந்தபோது, 1978-இல் எட்கார் ரேய் சனாப்ரியா என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கச் செய்தார். 'கங்காரு பராமரிப்பு' என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இன்று சொல்லித் தருவது அதுவே.

எப்படிக் கட்டினாலும் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. குழந்தையின் மூக்கும் வாயும் துணியில் புதையக் கூடாது. முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டும். பிறந்து நான்கு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஆபத்து மிகுதி. அடுப்படியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஆகாது. நாலாயிரம் ரூபாய்ப் பைக்கும் இதே விதிதான்.

சென்ற மாதம் அதே பெண்ணைப் பேருந்து நிலையத்தில் மீண்டும் பார்த்தோம். இம்முறை நாங்களே அருகில் போய், "அக்கா, முடிச்சை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டோம். முதலில் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவிழ்த்து, மெதுவாக மறுபடி கட்டிக் காட்டினார். எங்களில் மூவர் பள்ளிப்பையைக் குழந்தையாக்கித் துப்பட்டாவால் கட்டிப் பார்த்தோம். பை இரண்டு முறை கீழே விழுந்தது. அவர் முதுகிலிருந்த குழந்தை மட்டும் கண்விழிக்கவே இல்லை.