தமிழில் அழ ஓர் இடம் வேண்டும்

பர் துபாயின் பெட்ஸ்பேஸ் (ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) அறைகளில் ரகசியம் என்று எதுவும் தங்காது. இரண்டடுக்குக் கட்டில்கள், நடுவே ஒரு திரைச்சீலை. ராத்திரி ஊரிலிருந்து கடன்காரர் பேசியதும், மனைவியோடு சண்டை வந்ததும் பக்கத்துக் கட்டிலுக்கு அப்படியே கேட்கும். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று கிளினிக்குக்குப் போவார்கள். ஈசிஜி சரியாக இருக்கும். கேஸ் மாத்திரையோடு திரும்புவார்கள். மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னால் உடனே வரும் கேள்வி, “கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமா?”

இந்தப் பயத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக ஐக்கிய அரபு அமீரகம் கொண்டுவந்த மனநலச் சட்டம் (2023ஆம் ஆண்டின் 10ஆம் எண்) 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது அது. மருத்துவக் குழுவின் அறிக்கை இல்லாமல், மனநோயைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. பெட்ஸ்பேஸ் அறை ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர வேண்டிய செய்தி இது.

அடுத்தது, யாரிடம் போவது? இன்ஸ்டாகிராமில் ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் ஹீலர்’ என்று போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கான திர்ஹாம் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வாரக் கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழ் சிகிச்சை தரும் தகுதி ஆகாது. துபாயில் மனநல மருத்துவருக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கும் உரிமம் தருவது துபாய் சுகாதார ஆணையம். அதன் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் உண்டா, எந்தப் பிரிவில் என்று தெரிந்துவிடும். சமூக, குடும்ப ஆலோசகர்களுக்கு உரிமம் தருவது சமூக மேம்பாட்டு ஆணையம். பெயர் இரண்டிலும் இல்லையென்றால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அவரிடம் போக வேண்டாம்.

இந்த மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட் இருவரில் மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர்தான். சைக்காலஜிஸ்ட்டின் வேலை பேச்சுவழிச் சிகிச்சை. இது தெரியாமல், தூக்கம் வர ஊரிலிருந்து அல்பிரசோலம் மாத்திரையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அமீரகத்தில் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

உரிமத்துக்கு அடுத்து மொழி. பேச்சுவழிச் சிகிச்சை பலிப்பதில், ஆலோசகருக்கும் அவரிடம் வருகிறவருக்கும் இடையே வளரும் நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவின் சாவுக்குப் போக முடியாத வேதனையை, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக் கடனை, ஆபீஸ் ஆங்கிலத்தில் எப்படிக் கொட்டுவது? தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பது நிஜமாகவே மருந்தில் பாதி. ஆனால் நம்ம ஊர்க்காரர் என்பது மட்டும் தகுதி ஆகிவிடாது. “எல்லாம் உன் ஜாதகம்”, “பொண்டாட்டி சொல்றதக் கேட்டு நட” என்று தீர்ப்புச் சொல்கிறவர் தமிழ் பேசினாலும் வேண்டாம். முதல் சில சந்திப்புகளில் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. கட்டணத்தையும், இன்ஷூரன்ஸ் கார்டு இதற்குச் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அடிப்படை கார்டை நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் பலர்.

பணம் இல்லாதவருக்கும் ஒரு வாசல் இருக்கிறது. இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. சட்ட ஆலோசனையோடு மனநல ஆலோசனைக்கும் அங்கே வழி உண்டு.

இந்தத் துணைத் தூதரகம் பர் துபாயின் ஹம்ரியாவிலேயே இருக்கிறது. அமீரகத்தில் தமிழ் அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் அதே அக்கறையோடு, உரிமம் பெற்ற, தமிழ் பேசும் மனநல நிபுணர்களின் பட்டியல் ஒன்றை, கட்டணத்தோடு, துணைத் தூதரகமும் இந்த அமைப்புகளும் சேர்ந்து வெளியிட வேண்டும். இலங்கைத் தமிழருக்கும் அது பயன்படும். இந்த ஆண்டே அதைச் செய்யுங்கள்.