தரையில் அமர்ந்து வானில் பறப்போர்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து இயங்கிய ‘சீ கார்டியன்’ என்னும் ஆளில்லா வானூர்தி, சென்னையை ஒட்டிய கடலின்மேல் பறக்கையில் பழுதுற்றது. அது பாதுகாப்பான கடற்பகுதிக்குச் செலுத்தப்பட்டு நீரில் இறக்கப்பட்டது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் அனல்மின் நிலையங்களும் மீனவர் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் கரை, சென்னையின் வடகரை. இத்தகைய கரையருகே பறக்கும் ஊர்தியின் பாதுகாப்பு, அதில் ஏறாமலேயே அதனைச் செலுத்தும் தொலைநிலை விமானியின் மனத்தெளிவைப் பொறுத்ததாகும்.

நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்ப்பது எளிய பணி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ரேடார் திரையை நெடுநேரம் கண்காணித்த பிரித்தானிய வீரர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களின் அறிகுறிகளைத் தவறவிட்டனர். இதனை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், முதல் அரைமணி நேரத்திலேயே மனிதரின் கூர்நோக்கு குறையத் தொடங்குவதை 1948இல் வெளியிட்டார். கண் விழித்திருக்கும்போதே கவனம் சோர்கிறது; இது சோம்பலன்று, மனத்தின் இயல்பு.

சலிப்பில் ஆழ்ந்த மனத்தின்மீது திடீரெனப் பெருஞ்சுமை விழும்போது பிழை நேர்கிறது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், எல்லைக் காவலில் இருந்த ஆளில்லா வானூர்தியின் கட்டுப்பாட்டுத் திரை உறைந்தது. விமானி அடுத்த இயக்குமேடைக்கு மாறினார். சரிபார்ப்புப் பட்டியலின்படி அங்கிருந்த நெம்புகோலின் நிலையைப் பார்க்கவில்லை. எரிபொருள் தடைபட்டு, ஊர்தி தரையில் மோதியது. விமானத்துக்குள் இருப்பவர் இயந்திரத்தின் ஓசை அடங்குவதை உடனே உணர்வார். தொலைவில் இருப்பவருக்குத் திரை ஒன்றே துணை.

தானியங்கித் தொழில்நுட்பம் இச்சுமையை நீக்கிவிடும் என்பர் சிலர். ஆயின், இயந்திரம் தானே பறக்குந்தோறும் மனிதர் வெறும் காவலராகிறார். காவலின் சலிப்பு மேலும் வளர்கிறது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது போன்ற பேரிடர்களிலும், உயர்ந்த புகைபோக்கிகளை ஆய்வதிலும் ட்ரோன்கள் பெரிதும் பயன்படத்தக்கவை. அவற்றை இயக்கும் சான்றிதழ் பெற, 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 18 முதல் 65 வரையிலான வயதையும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் உரிய பயிற்சியையும் தகுதிகளாக வகுத்துள்ளன. இன்றைய மாணவர் பலர் நாளை இப்பணிக்கு வரக்கூடும். திறனைச் சோதித்தால் மட்டும் போதாது. களைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பயணிகள் விமானத்தை ஓட்டுவோருக்குப் பணிநேர வரம்பும் கட்டாய ஓய்வும் இருப்பதுபோல், தொலைநிலை விமானிக்கும் குறுகிய பணிமுறை, இடையிடையே ஓய்வு, பணியை முறைப்படி கைமாற்றும் ஒழுங்கு, நெருக்கடிப் பயிற்சி ஆகியவை உறுதி செய்யப்படல் வேண்டும். “களைத்துவிட்டேன்” என்று ஒருவர் தயங்காமல் கூறும் சூழலும் வேண்டும்.

ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகில் ஒருவரே இரவெல்லாம் சுக்கான் பிடிப்பதில்லை, முறைவைத்துப் பிடிக்கின்றனர். காசிமேட்டு மீனவர் நன்கறிந்த இந்நெறி, வானுக்கும் பொருந்தும். மனித மனத்தின் எல்லையை மதித்து வகுக்கப்படும் விதியே, வானூர்திக்கும் அதன்கீழ் வாழ்வோருக்கும் காப்பாகும்.