மத்தளத்துக்கு இருபுறமும் இடி!

டாக்காவில் தைத்த சட்டை லண்டனில் விற்கிறது. பருத்தி ஒரு நாட்டில், நெசவு வேறு நாட்டில், தையல் இன்னொரு நாட்டில்! வாணிப உலகின் மேதைகள் இதற்கு 'விநியோகச் சங்கிலி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் நல்ல பெயர்தான். சங்கிலி யார் காலில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஆயத்த ஆடையால் வருவது. அதற்கு வேண்டிய பருத்தியோ, அநேகமாக முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. இறக்குமதியாகும் துணியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. வாங்குவோர் ஐரோப்பிய, அமெரிக்கப் பெருங்கம்பெனிகள். சரக்கும் பிறர் கையில். சந்தையும் பிறர் கையில்!

2020இல் நடந்தது என்ன? கொரோனாவால் சீன ஆலைகள் மூடின, துணி வரவில்லை. மார்ச்சில் மேலைநாட்டுக் கடைகள் மூடின, ஆர்டர் நிற்கவில்லை. 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று உற்பத்தியாளர் சங்கமே கணக்குச் சொன்னது. துணி வாங்கியது பாங்குக் கடனில். வெட்டியாயிற்று, தைத்தாயிற்று. ஆனால் சரக்குக் கப்பலேறிப் பல வாரம் கழித்தே பணம் வரும் என்பது ஏற்பாடு. 'எதிர்பாராத பேரிடர்' என்ற விதியைக் காட்டிப் பல கம்பெனிகள் கைகழுவின. ஆலை முதலாளி கதவைச் சாத்தினார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வேலையிழந்தோ சம்பளமின்றியோ வீடு திரும்பினர். லாபம் மேலே ஏறுகிறது. நட்டம் கீழே இறங்குகிறது!

அயலூர்க் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் கதவடைத்தன. 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டருக்கு அதே ஊர் தவித்தது. மத்தளம் வேறு, இடி ஒன்றுதான்.

"ஒரே இடத்தை நம்பியிராதே" என்று நிபுணர்கள் உபதேசிக்கிறார்கள். பெருங்கம்பெனிக்கு அது சுலபம். டாக்கா இல்லையேல் வியட்நாம்! பாங்குக்கு வட்டி கட்டித் தவிக்கும் சிறு ஆலை எங்கே போகும்? கட்டுப்படியாகும் விலையில் நூலும், நெருக்கடியில் கடனுக்குத் தவணையும் அளிக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை.

அது மட்டும் போதாது. வெட்டிய துணிக்கும் தைத்த கூலிக்கும் பணம் தந்தே தீர வேண்டும் என்று வாங்குவோரைச் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டும். நடக்குமா என்று கேட்பவர்கள் 2013ஐ நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு ஏப்ரல் 24இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த மாதமே பெருங்கம்பெனிகள் தொழிற்சங்கங்களுடன் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. 2020இலும் கண்டனக் குரல் உலகெங்கும் எழுந்த பிறகே பல கம்பெனிகள் பாக்கியைத் தர இசைந்தன.

உயிருக்கு ஒப்பந்தம் எழுதவைக்க முடிந்தது. கூலிக்கும் எழுதவைக்க முடியும். அதற்கு இன்னும் ஆயிரம் உயிர்களைப் பலியிட வேண்டியதில்லை. டாக்கா தொழிலாளியும் திருப்பூர் தொழிலாளியும் ஒரே குரலில் கேட்டால் போதும்!