ஓட்டு கேட்க வரும் முகங்கள்

2009 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் பெரம்பலூர் தொகுதியில் நடிகர் நெப்போலியன் தி.மு.க. வேட்பாளராக நின்றார். அவர் வேன் வருகிறது என்றதும் பக்கத்து வீட்டு அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தவரிடம், "அப்போ ஓட்டு அவருக்குத்தானா?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற அண்ணே. நான் நடிகரைப் பார்க்கப் போனேன்" என்றார்.

நெப்போலியன் ஜெயித்தார், மத்திய இணை அமைச்சரும் ஆனார். அவர் நல்லது செய்தாரா இல்லையா என்பதை விடுங்கள். ஐந்து வருடம் அவரிடம் மனு கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் தான் நிற்காமல், இன்னொருவருக்காக ஓட்டு கேட்டுவிட்டுப் போகும் நட்சத்திரத்தை எங்கே போய்ப் பிடிப்பது? என் கவலை அதுதான்.

அந்த முகத்துக்கு எவ்வளவு பலம் என்பதும் சந்தேகமே. 1996-ல் ரஜினிகாந்த் தி.மு.க. – த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகப் பேசினார். கூட்டணி அமோகமாக ஜெயித்தது. அதே ரஜினி 2004-ல் பா.ம.க.வை எதிர்த்தார், பா.ம.க. நின்ற இடமெல்லாம் ஜெயித்தது. காற்று அடிக்கிற பக்கம் பேசினால்தான் நட்சத்திரத்தின் பேச்சும் எடுபடுகிறது.

தோற்றால் விலை கொடுப்பவர் யார்? 2011-ல் வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய், விஜயகாந்தைக் கிண்டல் செய்து பேசினார். டி.வி.யில் பார்த்தேன், அப்படி ஒரு கூட்டம். முடிவு வந்தபோது தி.மு.க.வுக்கு 23 இடம், தே.மு.தி.க.வுக்கு 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கட்சி அடுத்த தேர்தலுக்குத் தயாரானது. ஊரையே சிரிக்க வைத்த மனிதருக்குத்தான் சில வருடங்கள் சினிமாவில் இடமில்லாமல் போனது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் 1960-ல் கென்னடிக்காகப் பிரசாரம் செய்தார். வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக, பதவியேற்பு விழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1972-ல் நிக்சன் பக்கம் போய் அவரைக் கட்டிப் பிடித்தார். சொந்த ஜனங்களே திட்டினார்கள். இரண்டு பக்கமும் அடி.

ஆனால் அதே 1960-ல் பாடகர் ஹாரி பெலஃபோன்ட்டேயும் இருந்தார். ஆதரவு தேடி கென்னடி அவர் வீட்டுக்கே வந்தபோது, "முதலில் மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்ற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பினார். பிறகு கென்னடியுடன் டி.வி. விளம்பரத்திலும் வந்தார். முகத்தைக் கொடுக்குமுன் தன் ஜனங்களுக்காக ஒன்றைக் கேட்டார். அதுதான் வித்தியாசம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் நட்சத்திரத்தை 'வெதெத்' என்பார்கள். சுவரொட்டியில் ஒரு பெயரைத் தனியாகப் பெரிய எழுத்தில் போடுவதற்கும் அந்தச் சொல்தான். ஆனால் அதன் பழைய அர்த்தம், முகாமுக்கு முன்னால் நின்று எதிரி வருகிறானா என்று பார்க்கும் காவல் வீரன். நம் ஊரில் பெரிய எழுத்து மட்டும் மிஞ்சி, காவல் போய்விட்டது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுகிறவர்கள் அதிகம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களும் உண்டு. அடுத்த முறை ஒரு நட்சத்திரம் வேனில் வந்தால் தாராளமாகக் கை காட்டுவோம், போட்டோவும் எடுத்துக்கொள்வோம். கூடவே ஒன்று கேட்போம்: "இவருக்கு ஓட்டு போடச் சொல்கிறீர்களே, எங்களுக்காக இவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

பதில் இருந்தால் யோசிப்போம். இல்லாவிட்டால், பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதுதான் சரி. அது வேற, இது வேற.