நிலம் காத்திருக்கும், அப்பா காத்திருப்பாரா?

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து. வாதி தங்கமணி. பிரதிவாதி அடியேன். சாட்சி, எட்டாவது படிக்கிற பொண்ணு. வழக்கு இதுதான்: "உங்க நிலத்துக்காக நாங்க இன்னும் எத்தனை வருஷம் பட்டினி கிடக்கணும்?"

பட்டினியெல்லாம் இல்லீங்க, அது தங்கமணியோட உயர்வு நவிற்சி அணி :-) ஆனா வழக்குல நியாயம் இருக்கு.

உத்திரமேரூர் பக்கம் எங்க தாத்தா காலத்து நிலம் ரெண்டரை ஏக்கர். தாம்பரத்துலேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர். அப்பா வேலைக்குன்னு மெட்ராஸ் வந்தப்புறம் கொஞ்ச காலம் குத்தகையில ஓடிச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. இப்ப அங்க சீமைக்கருவேலம்தான் சாகுபடி. கிணறு பாதி தூர்ந்து கிடக்கு.

2018-ல ஒரு சபதம் போட்டேன். மாசம் 8,000 ரூபா ஆர்.டி. எட்டு லட்சம் சேர்ந்ததும் கிணறு, மோட்டார், கம்பி வேலி, ஒரு சின்ன ஓட்டு வீடு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுடணும். அதுவரைக்கும் அந்தப் பணத்துல கை வைக்கிறதில்ல.

அந்த எட்டாயிரம் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறீங்க? சேலையூர்ல அதே ரெண்டு ரூம் வாடகை வீடு. ஷண்முகம் ரோட்டுல தீபாவளித் துணி எடுக்கப் போனா, துணிக்கு முன்னாடி விலைச்சீட்டைப் பார்க்கிற ஆள் நான். தங்கமணி தையல் மெஷின் கேட்டாங்க. "அடுத்த வருஷம்". பொண்ணு ஒண்ணாவது படிக்கிறப்ப நீச்சல் கிளாஸ் கேட்டா. "அடுத்த வருஷம்". இப்ப அவ கேக்கறதே இல்ல. 2019 கோடையில சென்னையே தண்ணிக்கு அலைஞ்சப்ப, நாங்களும் லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னோம். ஊர்ல சொந்தக் கிணறு வச்சிருக்கிற குடும்பம்!

பஞ்சாயத்துல தங்கமணி கணக்கு நோட்டைக் கேட்டாங்க. ஏழு வருஷத்துல முதல் தடவையா கொடுத்தேன். புரட்டிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"ஏங்க, எட்டு லட்சம் வேணும்னு ஆரம்பிச்சீங்க. இப்ப எட்டு லட்சம் சொச்சம் இருக்கு. ஆனா போன மாசம் விசாரிச்சு எழுதின பட்ஜெட் பதினாலு லட்சம்னு இருக்கு. பதினாலு சேர்றதுக்குள்ள அது எவ்வளவா இருக்கும்?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

அதுவரைக்கும் பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாம சொன்னார்: "எனக்கு வேலி எதுக்குடா? கிணத்துல தண்ணியப் பார்த்தா போதும்."

அப்பாவுக்கு 78. நிலத்தோட மூலைக்கல்லு எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள். முந்தின வருஷம் ஊருக்குப் போனப்ப முள்ளுக்குள்ள நேரா நடந்து போய் கல்லு மேல கை வச்சார். போன வருஷம் அதே கல்லைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. நான் ஒண்ணும் கேக்கல. அவரும் ஒண்ணும் சொல்லல.

அதனால என் கட்சியை மாத்திக்கிட்டேன் மக்களே. "முழுசா சேர்த்துட்டு ஆரம்பிக்கலாம்"ங்கிறது சிக்கனம் இல்ல. அது தள்ளிப்போடறதுக்கு நாம வச்ச மரியாதையான பேரு.

எங்க ஊர்ப்பக்கத்துப் பெருமை ஒண்ணு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்ல இருக்கிற பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 10-ம் நூற்றாண்டு. அதுல ஏரி வாரியம்னு ஒண்ணு வருது. ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே வருஷா வருஷம் ஆள் எடுத்திருக்காங்க. ஏன் வருஷா வருஷம்? தண்ணியும் மண்ணும் ஒரு தடவை காசைக் கொட்டி முடிக்கிற வேலை இல்ல. இன்னொரு விதியும் உண்டு. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்க பேரைக் குடத்துல போடக்கூடாது, அவங்க சொந்தக்காரங்க பேரையும் சேர்த்துத்தான். இதைத் தங்கமணிகிட்ட சொல்லித் தொலைச்சேன். "அப்ப நீங்க டிஸ்குவாலிஃபைடு"ன்னு தீர்ப்பு வந்துடுச்சு :-(

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துல சிட்லபாக்கம் ஏரியையே எடுத்துக்குங்க. அந்த 2019-ல குடியிருக்கிற ஜனங்களே ஏரிக்குள்ள இறங்கிக் குப்பையை அள்ளினாங்க. முழு ஏரிக்கும் பணம் வரட்டும்னு கரையில உக்காரல.

செலவோட வரிசையையும் நான் தலைகீழா வச்சிருந்தேன். வேலியும் வீடும் பார்க்க அழகு, ஆனா மண்ணுக்கு அதால ஒண்ணும் ஆகாது. முதல்ல கிணத்தைத் தூர் வாரணும். அப்புறம் வரப்பு. அப்புறம் ஒரு அரை ஏக்கர்ல மட்டும் முள்ளை வேரோட எடுத்துட்டு, 2013-ல மறைஞ்ச நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா சொன்ன பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, தக்கைப்பூண்டு எல்லாம் கலந்து விதைச்சு, பூக்கிற சமயத்துல அப்படியே மடக்கி உழுதுட்டா மண்ணுக்குச் சாப்பாடு. சில வேலைக்குக் காசை விட நடைதான் அதிகம். கூட்டுப் பட்டாவைப் பிரிக்கணும். சிறு, குறு விவசாயி சான்றிதழ் கையில இருந்தா சொட்டு நீருக்கு 100 சதவீதம் மானியம் உண்டு. இதுக்கெல்லாம் ஏழு வருஷம் சேர்த்து வைக்கணுமா என்ன?

"ரெண்டரை ஏக்கர்ல என்ன லாபம் வரும், வித்துட்டு பிளாட் வாங்கு"ன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. லாபம் வராதுன்னு எனக்கும் தெரியும். விக்கிறவங்களைக் குத்தம் சொல்லவும் மாட்டேன். விக்கிறதுன்னா வித்துடணும், வச்சுக்கிறதுன்னா உழணும். ரெண்டும் இல்லாம வீட்டுல உள்ளவங்களோட இன்னைக்கை அடகு வச்சுட்டு உக்கார்றதுதான் தப்பு. அது என் கனவு. வட்டி மட்டும் அவங்க கட்டினாங்க.

தீர்ப்பு விவரம்: எட்டாயிரம் இனி ஐயாயிரம். மிச்சம் மூவாயிரம் வீட்டுக்கு. தையல் மெஷின் இந்த மாசமே. நீச்சல் கிளாஸுக்குப் பொண்ணு "இப்ப எதுக்குப்பா, பெரிய பசங்கல்லாம் சிரிப்பாங்க"ன்னா. தங்கமணி விடல, பேர் கொடுத்தாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி கிணறு தூர் வாருறோம். கணக்கு நோட்டு இனி சமையக்கட்டு அலமாரியில, யாரு வேணா பார்க்கலாம்.

வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன், நாலு மூலைக்கல்லுக்கும் சுண்ணாம்பு அடிக்க. அவர் காட்டுவார், பொண்ணு அடிப்பா. உங்க ஊர்லயும் இப்படி ஒரு நிலம் கிடந்தா, காசு சேர்றதுக்கு முன்னாடி பெரியவங்களைக் கூட்டிட்டு ஒரு தடவை போய்ட்டு வாங்க. பஸ் செலவுதான்.