கடைசிப் பையன் முதலில் நகரட்டும்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்காவில் சாமான் வாங்கி, சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தையும் எட்டிப் பாருங்கள். சிங்கப்பூர் பொன்விழாக் கண்ட 2015-இல் அந்த நூலகத்தாரும் தமிழ்த் தொண்டர்களும் சேர்ந்து அருமையான காரியம் ஒன்றைச் செய்தார்கள். 1965-க்குப் பிறகு அங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350-ஐ மின்வடிவாக்கி, கணினியில் படிக்க வைத்துவிட்டார்கள்.

இம்மாதிரி வேலையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். நூலுக்கு 200 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 70,000 படங்கள்! படமெடுக்கும் இயந்திரத்துக்குக் கதையா கவிதையா என்று தெரியுமா? அது பாட்டுக்கு 1, 2, 3 என்று எண்ணை மட்டும் போட்டுத் தள்ளும்.

இங்கேதான் வம்பு. பல கணினிக் கருவிகள் பெயரை இடப்பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தே அடுக்கும். 1-க்கு அடுத்து 10, பிறகு 100 என்று போய், 199-க்குப் பிறகுதான் 2 வரும். கதாநாயகி பிள்ளை பெற்ற பிறகு பெண் பார்க்க வருவார்கள்! 001, 002, 010 என்று முன்னால் சுழியம் சேர்த்துவிட்டால் வரிசை நேராகும்.

கையால் மாற்றலாமே என்பீர்கள். ஒன்றுக்கு அரை நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதற்குத்தான் 'ஸ்கிரிப்ட்' எனும் சிறு கட்டளைத் தொகுப்பு. "ஒவ்வொரு படமாக எடு, எண் மூன்று இலக்கமாகும்வரை சுழியம் சேர், முன்னால் நூலின் பெயரை எழுது" என்று நாலைந்து வரி எழுதினால் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

ஆனால் சொன்னதைச் செய்யுமே தவிர, யோசிக்காது. 57-ஆம் பக்கம் விட்டுப்போய்ப் பிறகு கிடைக்கிறது என்று வையுங்கள். 57 முதல் 200 வரை பெயரிட்டவை ஒவ்வோர் எண் தள்ளிப்போக வேண்டும். 57-ஐ முதலில் 58 ஆக்கினால், சில கணினிகள் ஏற்கெனவே இருந்த 58-ஐக் கேட்காமலே அழித்துவிடும். அடுத்து அதே படம் 59 ஆகும், 60 ஆகும். முடிவில் 144 படங்களில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று! 200-ஐ முதலில் 201 ஆக்கி, பின்னிருந்து வர வேண்டும். வகுப்பில் பெஞ்சு நடுவில் இடம் விடச் சொன்னால் கடைசிப் பையன்தானே முதலில் நகர வேண்டும்? அதோடு, ஒரு நகல் தனியே இருக்கட்டும். மாற்றுவதற்கு முன் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் பட்டியலாக மட்டும் காட்டச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது.

நமக்கெதற்கு இது என்று புரட்டிவிடாதீர்கள். தோட்டம் கைமாறி வீடு மாறியதில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! பாட்டியின் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை இவற்றைப் பிள்ளைகளின் கைப்பேசியில் இன்றே படமெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியும் வெறும் எண்தான் போடும். '1952-03-07-பாட்டி-பிறப்புப்பத்திரம்' என்று ஆண்டு முதலில் வரப் பெயர் மாற்றுங்கள். நாளை முதலில் எழுதினால் 1952-ம் 1998-ம் கலந்துகட்டி நிற்கும். குடியுரிமை மனுவோடு போகும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டதும், ஆயிரம் கல்யாணப் படங்களுக்கு நடுவே தேட வேண்டியிராது.